இடது பிளக் வெளுப்பு, வலது பிளக் கறுப்பு: ஒரு ராஜ்தூத் 350-இன் இரட்டைக் கார்புரேட்டர் வேலை

வண்டி 1987 மாடல் ராஜ்தூத் 350. யமஹா 1973-இல் கொண்டுவந்த ஆர்.டி. 350-ஐ எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983 முதல் இந்தியாவில் செய்து விற்றது. முதலில் வந்த ஹைடார்க் வகை 30.5 குதிரைத்திறன். மைலேஜுக்காக இன்ஜின் திறனைக் கொஞ்சம் குறைத்துப் பின்னால் விட்டது லோடார்க் வகை. இது லோடார்க். 347 சிசி, டூ ஸ்ட்ரோக், ஆறு கியர், இரண்டு சிலிண்டர். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி மிக்குனி கார்புரேட்டர், ஸ்பார்க்குக்குத் தனி பாயின்ட், தனி காயில், தனி சைலன்சர். அதாவது ஒரே க்ராங்கில் மாட்டிய இரண்டு தனி இன்ஜின்கள். இந்த வண்டியில் நடந்த வேலை முழுவதும் இந்த ஒரு விஷயத்தில்தான் அடங்கியிருக்கிறது.

வாங்கியவர் பாளையங்கோட்டையில் வேலை பார்க்கும் ஒரு தம்பி. வண்டி வந்தது திசையன்விளைப் பக்கத்திலிருந்து. பல வருஷம் தகரக் கொட்டகையில் நின்றதை, விற்பதற்காகத் தூசி தட்டி ஓட வைத்திருக்கிறார்கள். பெயின்ட் நன்றாக இருந்தது, ஆர்.சி. சுத்தமாக இருந்தது. "கார்புரேட்டர டியூன் பண்ணிட்டாப் போதும், பறக்கும்" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பழைய வண்டி வாங்கிய எல்லோருக்கும் இந்த வார்த்தை பழக்கம்தான்.

தம்பி பட்டறையில் வந்து சொன்னது இது:

"அண்ணாச்சி, காலைல நாலஞ்சு கிக்குல எடுத்துருது. ஆனா ஆக்சிலேட்டர விட்டாலும் ரேஸ் இறங்க மாட்டேங்கு. ரொம்ப மெதுவாத்தான் இறங்குது. வலது சைலன்சர்ல எண்ணெயாத் துப்புது. நேத்து வள்ளியூர் தாண்டி காத்துக்கு எதுக்கப் போவும்போது திடீர்னு இழுவை செத்துப் போச்சு. பயந்து கிளச்சப் புடிச்சிட்டேன். கொஞ்ச நேரம் நின்னு, திருப்பிக் கிக் பண்ணினா எடுத்துருச்சு."

கடைசியாகச் சொன்னதுதான் என்னை உட்கார வைத்தது. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று எப்படி இருக்கும் என்று பணகுடி, காவல்கிணறு பக்கம் வண்டி ஓட்டியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காற்றாலைகளை அங்கே வரிசையாக நட்டு வைத்திருப்பது சும்மா இல்லை. அந்தக் காற்றுக்கு எதிராக நாலாவது கியரில் முக்கால் ஆக்சிலேட்டரில் விடாமல் போவது, இன்ஜினுக்கு ஏற்றத்தில் மூட்டை இழுப்பதற்குச் சமம். அந்த இடத்தில் இழுவை செத்து, ஆறியதும் மறுபடி எடுத்தது என்றால் பிஸ்டன் சூட்டில் விரிந்து சிலிண்டரைப் பிடிக்கப் பார்த்திருக்கிறது. தம்பி உடனே கிளச்சைப் பிடித்ததால் பிஸ்டன் தப்பியது.

கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளைத் திருகுதான் ஜெட். அதை மாற்ற அவர் அவசரப்பட்டார். "ஜெட்ட கொஞ்சம் பெருசாக்கிப் போட்டுருவோமா அண்ணாச்சி? பெட்ரோல் கம்மியாப் போறதுனாலதான புடிக்குது?"

"பொறு தம்பி. மொதல்ல உள்ள என்ன இருக்குன்னு எழுதிக்கிடுவோம்."

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கைமாறி வந்த கார்புரேட்டரில் ஸ்க்ரூவைத் திருப்புவதற்கு முன், அது எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதி வைக்க வேண்டும். ஏர் ஸ்க்ரூவை முதலில் முழுதாக மூடி, மூடும்போது எத்தனை சுற்று வந்தது என்று எண்ணிக் குறிக்க வேண்டும். நீடில் (நடு வேகத்துப் பெட்ரோலை அளக்கும் ஊசி) தொங்கும் கிளிப் எந்தக் காடியில் இருக்கிறது, ஜெட்டில் என்ன எண் இருக்கிறது, ஸ்லோ ஸ்க்ரூ (ஆக்சிலேட்டரை விட்டபின் இன்ஜின் ஓடும் வேகத்தை வைக்கும் திருகு) எவ்வளவு உள்ளே போயிருக்கிறது, எல்லாம் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாக. இதற்கு முன் இந்த வண்டியைத் தொட்ட ஒவ்வொருவரும் எதற்காகப் போராடினார்கள் என்பது அந்த நிலைகளில்தான் இருக்கிறது. கையில் எடுத்ததும் கழற்றி, கழுவி, ஏர் ஸ்க்ரூவை ஒன்றரைச் சுற்றில் வைத்துவிட்டால் அந்தச் சாட்சி அழிந்துவிடும்.

இங்கே எழுதியது இப்படி வந்தது. இடது பக்கம்: ஏர் ஸ்க்ரூ அரைச் சுற்றுதான் திறந்திருந்தது. நீடில் கிளிப் கடைசிக் காடியில், அதாவது நீடில் முழுக்கத் தூக்கி வைத்திருந்தது. மெயின் ஜெட் வலதில் இருந்ததைவிட நாலு அளவு பெரியது, போதாததற்கு அதன் துளையில் ரீமர் (துளையைப் பெரிதாக்கும் கருவி) போட்ட கீறல். வலது பக்கம்: ஏர் ஸ்க்ரூ இரண்டரைச் சுற்று திறந்திருந்தது. கிளிப் நடுக் காடி.

மிக்குனி வி.எம். வகையில் ஏர் ஸ்க்ரூ காற்றைத்தான் கட்டுப்படுத்தும். மூடினால் காற்று குறைந்து பெட்ரோல் பங்கு கூடும், திறந்தால் பெட்ரோல் பங்கு குறையும். கிளிப்பை இறக்கினால் நீடில் மேலே ஏறி, பெட்ரோல் கூடும். ஆக இடது கார்புரேட்டரில் இருந்த மூன்று மாற்றங்களும் ஒரே திசையில், பெட்ரோலைக் கூட்டுவதற்காகச் செய்தவை. வலதில் பெட்ரோலைக் குறைக்க முயன்றிருக்கிறார்கள்.

பிளக்கைக் கழற்றினோம். கலவையில் பெட்ரோல் குறைந்தால் பிளக் வெளுக்கும், கூடினால் கறுக்கும். பெட்ரோல் கூட்டிய இடது பிளக் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, பீங்கானில் பொடிப் பொடியாக மினுக்கும் புள்ளிகளோடு இருந்தது. அந்தப் புள்ளிகள் பிஸ்டன் தலையிலிருந்து வந்த அலுமினியம். பெட்ரோல் குறைத்த வலது பிளக் கறுத்து, நனைந்து கிடந்தது.

எல்லாமே தலைகீழ். பெரிய ஜெட் போட்டும் பிளக் வெளுக்கிறது என்றால் இரண்டே வழிதான் உண்டு: கார்புரேட்டர் வழியாக வராத காற்று வேறு எங்கிருந்தோ உள்ளே போகிறது, அல்லது ஜெட் வரைக்கும் பெட்ரோல் வந்து சேரவில்லை. இரண்டுமே ஜெட்டைப் பெரிதாக்கித் தீர்க்கக்கூடிய கோளாறு இல்லை.

கம்ப்ரஷன் பார்த்ததில் இடது 115, வலது 120 பி.எஸ்.ஐ. பெரிய வித்தியாசம் இல்லை. பாயின்ட் இரண்டையும் சுத்தம் செய்து, இடைவெளி வைத்து, டயல் கேஜ் போட்டு டைமிங்கை, அதாவது ஸ்பார்க் விழும் நேரத்தை, இரண்டு பக்கமும் சமமாக வைத்தோம். ஸ்பார்க் இரண்டிலும் நன்றாக இருந்தது. இந்த வேலையை முடிக்காமல் கார்புரேட்டரைத் தொடக் கூடாது, ஏனென்றால் டைமிங் முந்தியிருந்தாலும் பிளக் வெளுக்கும்.

அப்புறம் காற்றுக் கசிவு. டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் மேலே போகும்போது அதற்குக் கீழே க்ராங்க் சுழலும் அறையான க்ராங்க்கேஸுக்குள் உறிஞ்சல், கீழே வரும்போது அழுத்தம். அந்த அறை எங்கும் ஒழுகாமல் இருந்தால்தான் கார்புரேட்டர் அளந்து கொடுக்கும் கலவை அப்படியே சிலிண்டருக்குப் போகும். இதைச் சோதிக்க விலை உயர்ந்த கருவி வேண்டியதில்லை. ரத்த அழுத்தம் பார்க்கும், டயல் வைத்த பி.பி. கருவி போதும். அதில் 300 மி.மீ. என்பது கிட்டத்தட்ட 5.8 பி.எஸ்.ஐ. டூ ஸ்ட்ரோக் கசிவுச் சோதனைக்குச் சொல்லப்படும் அழுத்தம் 6 பி.எஸ்.ஐ.

கார்புரேட்டர், சைலன்சர் இரண்டு பக்கமும் கழற்றினோம். லாரி டியூபை வெட்டி, இரும்புத் தட்டு வைத்து எக்ஸாஸ்ட் வாய்களை அடைத்தோம். கார்புரேட்டரை இன்ஜினோடு இணைக்கும் மேனிஃபோல்டு ரப்பர்களில் ஒன்றில் மரக் கட்டை, இன்னொன்றில் சைக்கிள் டியூப் வால்வு பொருத்திய கட்டை. பிளக்குகளை முறுக்கி வைத்துவிட்டு பி.பி. பல்பை அமுக்கினோம். முள் 300-க்கு ஏறியது, கையை எடுத்ததும் கண் முன்னே இறங்கத் தொடங்கியது. நல்ல இன்ஜினில் அது அப்படியே நிற்க வேண்டும். சில நிமிஷத்தில் கொஞ்சம் இறங்கினால் பரவாயில்லை.

தம்பி கையில் சோப்புத் தண்ணீரும் பெயின்ட் பிரஷ்ஷும். சிலிண்டர் அடியில் குமிழ் இல்லை. வலது மேனிஃபோல்டில் இல்லை. இடது மேனிஃபோல்டு ரப்பரின் அடிப்பக்கம், கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு ஒன்றில் கடுகு அளவு குமிழ் வந்து வந்து உடைந்தது. இடது மூடியைத் திறந்து ஆல்டர்னேட்டரைக் கழற்றிவிட்டு, க்ராங்க் ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தை அடைக்கும் ரப்பர் வளையமான க்ராங்க் சீலைச் சுற்றித் தடவியதும் நுரை பொங்கிக்கொண்டு வந்தது. "அண்ணாச்சி, இங்க பாருங்க, இங்க பாருங்க" என்று அவர் கத்தினார். அந்த நேரத்து அவர் முகத்தைப் பார்க்க எனக்கும் சந்தோஷமாக இருந்தது. கோளாறைத் தன் கண்ணால் பார்த்தவர் அதற்கப்புறம் ஜெட்டைப் பற்றி அவசரப்படவில்லை.

பல வருஷம் தகரக் கொட்டகைச் சூட்டில் ஓடாமல் நின்றால் சீலின் ரப்பர் உதடு விறைத்துப் போகும். ஷாஃப்டோடு ஒட்டி உரசாது. இடது பக்கம் உலர்ந்த பக்கம் என்பதால் அங்கே கசிந்தால் எண்ணெய் தடயம் எதுவும் தெரியாது, காற்று மட்டும் போகும். (கிளச் பக்கத்து சீல் போனால் கியர் எண்ணெயை உறிஞ்சி வெள்ளைப் புகை கக்கும், அதை யாரும் கண்டுபிடித்துவிடலாம்.) ஆக்சிலேட்டரை மூடும்போது கார்புரேட்டர் கொடுப்பது குறைந்துவிடுகிறது, கசிவு குறைவதில்லை. அதனால்தான் ரேஸ் இறங்காமல் தொங்கியது. இந்த வண்டியில் ஆயில் பம்பைக் கழற்றிவிட்டு 2டி எண்ணெயை (டூ ஸ்ட்ரோக் இன்ஜின் எண்ணெய்) பெட்ரோலோடு கலந்து ஊற்றும் ஏற்பாடு இருந்தது. சீல் வழியாகப் போன காற்றோடு பெட்ரோலும் இல்லை, எண்ணெயும் இல்லை. பிஸ்டனுக்கு இரண்டு பக்கமும் பட்டினி.

க்ராங்க்கேஸைப் பிரித்து இரண்டு பக்க சீலையும் மாற்றினோம். ஒரு பக்கம் போயிருந்தால் மறுபக்கமும் அதே வயசுதான். இடது பிஸ்டனில் எக்ஸாஸ்ட் பக்கம் லேசான கீறல்கள். லேத்தில் சிலிண்டரை அளந்து பார்த்து, கீறலைத் தேய்த்து எடுத்து, புது ரிங் போட்டதோடு அது முடிந்தது. இரண்டு மேனிஃபோல்டு ரப்பரும் புதியவை. மறுபடி பி.பி. கருவியை மாட்டியபோது முள் 300-லேயே நின்றது.

ஆனால் காற்றுக்கு எதிராகப் போகும்போது பிஸ்டன் பிடித்ததற்கு சீல் மட்டும் காரணமாக இருக்க முடியாது என்று தோன்றியது. ஆக்சிலேட்டரை அதிகமாகத் திறக்கும்போது மொத்தக் காற்றில் கசிவின் பங்கு சிறியது. அங்கே பெட்ரோல் வரத்தைப் பார்க்க வேண்டும். கார்புரேட்டருக்கு அடியில் பெட்ரோல் தேங்கும் கிண்ணத்தின் அடித் திருகைக் கழற்றி, டேங்க் குழாயைத் திறந்து, இரண்டு பக்கமும் ஓடும் பெட்ரோலை அளவு ஜாடியில் பிடித்தோம். வலதில் தாராளமாக ஓடியது. இடதில் முதலில் ஓடி, கொஞ்ச நேரத்தில் நூலாக மெலிந்தது.

கிண்ணத்துக்குள் வரும் பெட்ரோலை ஃப்ளோட் (மிதவை) ஏறி இறங்குவதற்கேற்ப மூடித் திறக்கும் ஃப்ளோட் ஊசியின் இருக்கையைக் கழற்றியதும் காரணம் கிடைத்தது. டேங்க் துருவும் செம்மண்ணும் சேர்ந்து களிம்பாக அடைத்திருந்தது. திசையன்விளைப் பக்கத்துத் தேரி மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தச் சிவப்புப் பொடி எந்த இடுக்கிலும் போய்ச் சேரும். டேங்க் மூடி வழியாக இறங்கியிருக்கிறது. ஊருக்குள் ஓட்டும்போது அந்த மெல்லிய வரத்து போதும். பணகுடிக் காற்றில் முக்கால் ஆக்சிலேட்டரில் விடாமல் இழுக்கும்போது கிண்ணத்தில் மட்டம் இறங்கிக்கொண்டே வரும், மெயின் ஜெட் காற்றை உறிஞ்ச ஆரம்பிக்கும். பெரிய ஜெட் போட்டது இதை இன்னும் சீக்கிரமாக்கியது. கிண்ணம் வேகமாகக் காலியானது, அவ்வளவுதான்.

வலது பக்கத்துக் கறுப்புக்குக் காரணம் எளிது. ஃப்ளோட் ஊசியின் ரப்பர் நுனி ஊறிப் பருத்து, சரியாக மூடவில்லை. கிண்ணத்தில் மட்டம் உயர்ந்து, எல்லா வேகத்திலும் பெட்ரோல் அதிகம். ஏர் ஸ்க்ரூவை எவ்வளவு திறந்தாலும் மட்டம் குறையாது. இரண்டு பக்கமும் ஊசி, இருக்கை புதிதாகப் போட்டு, கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிடித்து, ஃப்ளோட்டின் நாக்கு ஊசியைத் தொட்டும் அமுக்காமலும் இருக்கும் இடத்தில் அளந்து, கையேட்டு அளவுக்கு நாக்கை வளைத்தோம். இரண்டுக்கும் ஒரே அளவு என்பதுதான் முக்கியம். டேங்க்கைக் கழுவி, இரண்டு குழாயிலும் ஃபில்டர் போட்டாகிவிட்டது. முன்னால் யாரோ கழற்றிப் போட்டிருந்த ஏர் ஃபில்டர் பெட்டியைத் தேடிப் பிடித்து மாட்டினோம். அந்தப் பெட்டியை வைத்துத்தான் கம்பெனி ஜெட் அளவு போட்டிருக்கிறது. தேரிப் பக்கம் போய்வருகிற வண்டிக்கு அது இல்லாமல் சரிப்படாது.

இவ்வளவுக்கும் பிறகுதான் தம்பி வந்த காரியமான டியூனிங் தொடங்கியது.

முதலில் இரண்டையும் ஒன்றாக்கினோம். ஒரே எண் பைலட் ஜெட், ஒரே எண் மெயின் ஜெட், நீடில் இரண்டும் ஒரே குறி, கிளிப் நடுக் காடி, ஏர் ஸ்க்ரூ ஒன்றரைச் சுற்று. ரீமர் போட்ட ஜெட்டைத் தூக்கி எறிந்தோம். துளையைக் கையால் பெரிதாக்கிய ஜெட்டில் எழுதியிருக்கும் எண்ணுக்கு அர்த்தம் கிடையாது, அடுத்து வேலை பார்ப்பவரை அது ஏமாற்றும்.

ஸ்லைடு சமன். ஆக்சிலேட்டரைத் திருகும்போது மேலே ஏறிக் காற்றுப் பாதையைத் திறக்கும் உருளைதான் ஸ்லைடு. கைப்பிடியிலிருந்து வரும் ஒரு கேபிள் டேங்க்குக்குக் கீழே பிரிந்து இரண்டு கார்புரேட்டருக்கும் போகிறது. ஏர் பெட்டியைக் கழற்றி, சின்னக் கண்ணாடியையும் டார்ச்சையும் வைத்துப் பின்பக்கமிருந்து பார்த்தால் இரண்டு ஸ்லைடும் தெரியும். ஆக்சிலேட்டரை மெல்லத் திறந்து, ஸ்லைடின் கீழ் விளிம்பு மேலே போய் மறையும் நொடியைக் கவனிக்க வேண்டும். வலது மறைந்த பிறகும் இடது விளிம்பு நகம் அளவுக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. கேபிள் அட்ஜஸ்டரைத் திருப்பி இரண்டும் ஒன்றாக மறையும்படி வைத்தோம். அப்புறம் மூடிய நிலையில் இரண்டு ஸ்லைடுக்கும் அடியில் ஒரே டிரில் பிட்டின் தண்டைச் செருகி, அதே இறுக்கம் வரும்வரை ஸ்லோ ஸ்க்ரூக்களைச் சரிசெய்தோம். கடைசியாக ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். இதில் இடதுபக்கம் திருப்பியதும் ரேஸ் ஏறியது. கேபிள் டேங்க் அடியில் சிக்கியிருந்தது, எடுத்து வேறு வழியாக விட்டோம்.

இந்த இடத்தில் பெட்ரோல் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த வண்டி வடிவமைக்கப்பட்டபோது இருந்த பெட்ரோல் இப்போது பங்கில் இல்லை. 20 சதவீதம் எத்தனால் கலந்ததுதான் கிடைக்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். 20 சதவீதக் கலவைக்கு இது சுமார் 13.5 ஆக இறங்குகிறது. பழைய ஜெட்டையே வைத்தால் கலவையில் எரிபொருள் 7, 8 சதவீதம் குறைந்த மாதிரி இன்ஜின் நடந்துகொள்ளும். இன்ஜெக்‌ஷன் வண்டி சென்சார் பார்த்துத் தானே சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த வசதி இல்லை. கலந்து ஊற்றும் 2டி எண்ணெயும் தன் அளவுக்குப் பெட்ரோலின் இடத்தை எடுத்துக்கொள்கிறது. அதனால் இன்று கையேட்டு எண்ணில் நிறுத்துவது இந்த வகை வண்டிக்கு ஆபத்து. ஊசி நுனி ஊறியதற்கும் எத்தனால்மேல்தான் எனக்குச் சந்தேகம், ஏனென்றால் அந்தக் காலத்து ரப்பர் அதற்காகச் செய்ததல்ல.

ஆகவே மெயின் ஜெட்டை கையேட்டைவிட இரண்டு அளவு பெரிதாகப் போட்டு, மேலிருந்து கீழே இறங்கி வந்தோம். பெட்ரோல் அதிகமானால் வண்டி திக்கும், அவ்வளவுதான். குறைவாக இருந்தால் பிஸ்டன் போகும். சோதனைக்கு, கங்கைகொண்டான் சிப்காட் பக்கத்து அகலச் சாலை, விடுமுறை நாள் அதிகாலை. ஆக்சிலேட்டர் கைப்பிடியில் டேப் ஒட்டி கால், அரை, முக்கால் குறித்திருந்தோம். கார்புரேட்டரின் ஒவ்வொரு பாகமும் ஒவ்வொரு திறப்பில்தான் ஆட்சி செய்கிறது: தொடக்கத்தில் பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும், அடுத்து ஸ்லைடின் வெட்டு, நடுவில் நீடில், முக்காலுக்கு மேல் மெயின் ஜெட். எந்தக் குறியில் திக்குகிறது என்று தெரிந்தால் எதைத் தொட வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

முழுத் திறப்பில் ஓட்டி, அப்படியே கிளச்சைப் பிடித்து இன்ஜினை நிறுத்தி, ஓரம் கட்டி, பிளக்குகளைக் கழற்றி அக்கம்பக்கமாக வைத்துப் பார்த்தோம். இரண்டு அளவு பெரியதில் இரண்டும் ஒரே மாதிரி கறுப்பு. ஒரு அளவு இறக்கியதும் இரண்டிலும் பீங்கானின் அடியில் காப்பிப்பொடி நிறத்தில் வளையம். நிறம் சரியாக வந்ததைவிட, இரண்டும் ஒன்றுபோல் வந்ததுதான் எனக்கு நிம்மதி. மெயின் ஜெட் அங்கேயே நின்றது. அரைத் திறப்பில் கொஞ்சம் வெளுப்பாகத் தெரிந்ததால் இரண்டு கிளிப்பையும் ஒரு காடி இறக்கினோம். ஸ்லோவை இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு வைத்தோம், ஒரு பிளக் மூடியைக் கழற்றி, எர்த் செய்துவிட்டு, மறு சிலிண்டரைத் தனியாக ஓடவிட்டு. இரண்டு ஏர் ஸ்க்ரூவும் ஒன்றேகால் சுற்றில் வந்து நின்றன. இரண்டு சைலன்சர் வாயிலும் உள்ளங்கையைக் காட்டினால் ஒரே தட்டு.

தம்பி பாபநாசம் போய், காரையார் மலைப்பாதையில் ஏறி இறங்கிவிட்டு வந்தார். அதில் ஒன்றும் குறை சொல்லவில்லை. பிறகு காற்று குறைவதற்கு முன்பே வள்ளியூரிலிருந்து காவல்கிணறு வரை இருவருமாகப் போனோம். நான் பின்னால் வேறு வண்டியில். பழைய இடத்தில் அவர் ஆக்சிலேட்டரை விடவில்லை, வண்டியும் விடவில்லை. காவல்கிணற்றில் நிறுத்தி, சூடு தணிந்ததும் பிளக்கைப் பார்த்தோம். இரண்டும் ஒரே நிறம். மினுக்கும் புள்ளி எதிலும் இல்லை.

பாக்கி வேலை ஒன்று இருக்கிறது. இடது நீடில் ஜெட்டின் (நீடில் ஏறி இறங்கும் குழல்) துளை லேசாக முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருக்கிறது. அது தேயத் தேய நடு வேகத்தில் அந்தப் பக்கம் மட்டும் பெட்ரோல் கூடும். இரண்டு பக்கத்துக்கும் புதியது சொல்லி வைத்திருக்கிறோம். அது வந்ததும் கிளிப்பை மறுபடி நடுக் காடியிலிருந்து பார்க்க வேண்டும். அதுவரை தம்பிக்குச் சொல்லியிருப்பது: ஒரு வாரத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் டேங்க் குழாயை மூடி, கிண்ணம் இரண்டையும் வடித்துவிட வேண்டும்; ரேஸ் தொங்கினால் அன்றைக்கே வண்டியை நிறுத்த வேண்டும், ஸ்லோ ஸ்க்ரூவைத் தொடக் கூடாது. எல்லா அளவும் எழுதிய தாளை அவர் சீட்டுக்கு அடியில் டூல் கிட்டோடு வைத்திருக்கிறார்.